தொழில் என்ற கட்டம்

கையில் டோக்கன் நாற்பத்தேழு. பதிவு அலுவலகச் சுவரில் எரிந்த எண் முப்பத்தொன்பது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர்க் குழாய் வரை போய்க் குடிக்காமலே திரும்பினாள். அதற்குள் அவள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணிக்குள் இறப்புச் சான்றிதழைக் காட்டினால்தான் ஆஸ்பத்திரிக் குளிர் அறையிலிருந்து அப்பாவை வெளியே விடுவார்கள். மூன்று மணிக்குத் தகனம். இப்போதே பன்னிரண்டேகால்.

முந்தைய நாள் காலை, இரண்டாவது பீரியட் முடிந்து மூன்றாவதற்கு மாடி ஏறும்போது அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "வலிக்குதுன்னுகூடச் சொல்லலம்மா. 'ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்'னாரு" என்று தலைமையாசிரியை போனில் அழுதார். பிள்ளைகள் அவரை 'ஸ்டாப் சார்' என்றுதான் கூப்பிடுவார்களாம். கணக்குத் தப்பாகப் போனால் திட்டமாட்டார், "எந்த ஸ்டாப்புல தப்பா இறங்கின? அங்கேயே போய் ஏறு" என்பாராம். இது அவளுக்குத் தெரியாது. இருபத்தெட்டு வயதில், பெற்ற அப்பாவின் பட்டப்பெயரை ஊரார் சொல்லித் தெரிந்துகொள்கிறாள்.

அம்மா மூன்றாவது முறையாகப் போனில் கூப்பிட்டாள். "அவருக்கு நீலச் சட்டையா, வெள்ளையாடி?"

"ஸ்கூலுக்குப் போடறதையே எடும்மா."

"எல்லாத்திலயும் பாக்கெட்டுல சிவப்பு மை ஊத்தியிருக்கு."

"பரவாயில்லம்மா. எடு."

ஒரு மணிக்கு நாற்பத்தேழு எரிந்தது. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றியிருந்த குமாஸ்தா, நிதானத்துக்கென்றே சம்பளம் வாங்குகிறவர்போல ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டே வந்தார். பெயர் சரி. பிறந்த நாடு சரி. வந்து சேர்ந்த தேதி சரி.

"தொழில், பஸ் டிரைவர்."

"அது பழசு சார். கணக்கு வாத்தியார்."

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"டிரைவரா?"

"பதினொண்ணு."

"அப்ப டிரைவர்தாம்மா. அதிக வருஷம் பார்த்த வேலையைத்தான் போடணும். விதி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது சரியாகத்தான் இருந்தது. அந்த நாலு வருஷத்துக்கு அப்பா பட்ட பாடு இந்தக் கண்ணாடிக்காரருக்கு எங்கே தெரியும்? முப்பத்தொரு வயதில், மூன்று வயது மகளோடும் கணிதப் பட்டத்தோடும் வந்து இறங்கியவர். பட்டம் இங்கே செல்லாக்காசு. ஹோட்டல் விரிப்புகளை வெளுக்கும் நீராவிக் கூடத்தில் மூன்று வருஷம் வெந்தார். கிடங்கு வாசலில் காவல் இரண்டு வருஷம். லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்கு எடுபிடியாக இரண்டு வருஷம். அப்புறம் பஸ். ஓட்டிக்கொண்டே மாலை வகுப்பு, தேர்வு, மூன்று முறை தோல்வி. பிறகு பஸ்ஸை விட்டுவிட்டு, மகன் வயதுள்ள ஆசிரியர்களிடம் மூன்று வருஷம் உதவியாளர் வேலை. ஐம்பத்திரண்டில்தான் அவர் கைக்கு ஒரு வகுப்பு வந்தது.

இதெல்லாம் எதனால் ஆரம்பித்தது என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் நேற்றிலிருந்து அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பதினோரு வயதில் வகுப்பில் அப்பாவின் தொழிலைக் கேட்டார்கள். முன்னால் இருந்தவள் டாக்டர் என்றாள், பக்கத்திலிருந்தவள் வக்கீல் என்றாள். இவள் வாயிலிருந்து 'கணக்கு வாத்தியார்' என்று வந்துவிட்டது. அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா டியூட்டி முடிந்து நேராக வந்தார். சீருடை தெரியாமல் மேல்கோட்டைக் கழுத்துவரை பொத்தானிட்டிருந்தார். "நீங்களும் கணக்கு வாத்தியாராமே, எந்த ஸ்கூல்?" என்று டீச்சர் கேட்டதும் இவளுக்கு உயிரே போய்விட்டது. அப்பா இவளைப் பார்க்கவேயில்லை. "இன்னும் வேலையில சேரலைங்க" என்றார். மறுவாரம் மாலை வகுப்பில் பெயர் கொடுத்தார். பதினேழு வருஷமாக இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் ஒரு பொய்தான் அவரைப் படி ஏற ஏற வைத்துக் கொன்றுவிட்டது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அவள் முகத்தைப் பார்த்த குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா, தகவல் சொல்றது நீங்க. பதினஞ்சு வருஷம் வாத்தியார்னு வாயால சொல்லுங்க, அப்படியே அடிச்சுடறேன். யாரும் தோண்டித் துருவமாட்டாங்க. எல்லாரும் செய்யறதுதான்."

"ரெண்டு நிமிஷம் சார்" என்று சுவரோரம் ஒதுங்கி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா தொழில் என்ன போடட்டும்?"

"எதைப் போட்டா என்ன, எழுந்தா வரப்போறாரு? சீக்கிரம் வாடி."

"அம்மா, நான் ஆறாங்கிளாஸ்ல அப்பா வாத்தியார்னு பொய் சொன்னேன்மா."

"தெரியும். அன்னிக்கே வந்து சொன்னாரு. 'என் மக எனக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டா, போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு. அப்புறம் பசிக்கலைன்னு படுத்துட்டாரு."

பின்னால் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. "நீலமே வைக்கிறேன்டி" என்று சொல்லி அம்மா போனை வைத்தாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். குமாஸ்தாவின் விரல்கள் தயாராக இருந்தன.

"என்னம்மா, வாத்தியார்தானே?"

"டிரைவர் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மாத்த முடியாது."

"பதினோரு வருஷம் பஸ் ஓட்டினாரு. பஸ் டிரைவர்னே போடுங்க." அவள் குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை.

அச்சு இயந்திரம் முனகியது. மகள் என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள், காகிதத்தை வாங்கினாள், ஓடினாள்.

நிறுத்தத்துக்கு அவள் வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கையைத் தூக்கிக்கொண்டு பத்தடி ஓடி நின்றாள். பஸ் இருபதடி போய், ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும், ஓரம் கட்டியது. கதவு திறந்தது. மூச்சு வாங்க ஏறியவள் ஓட்டுநரைப் பார்த்தாள். நடு வயதுக்காரர், சட்டைக் கழுத்து நைந்திருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

பாதி இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. அவள் அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிறுத்தம் போனது. மூன்றாவதும் போனது.

"உட்காரும்மா, திருப்பம் வருது" என்றார் அவர், திரும்பாமலே.

அவள் உட்கார்ந்தாள்.