போடவா, மூடவா?

மாடிப்படி பாதியில் நின்றுவிட்டது. அவள் வரைந்துகொண்டிருந்தது யாரோ ஒரு பல் மருத்துவர் கட்டப்போகும் வீடு. கீழ்த்தளம் ஒழுங்காக வந்தது, வரவேற்பறை வந்தது, படிக்கட்டைத் தொட்டதும் அந்தச் சின்ன லேப்டாப் அப்படியே உறைந்துபோனது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். திரும்பி வந்து பார்த்தால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

இதற்கு இன்னும் கொஞ்சம் மெமரி போட்டால் போதும், வீட்டிலிருந்தபடியே சில வருடம் படம் வரைந்து ஓட்டிவிடலாம். ஆனால் தூரத்து நகரத்திலிருந்து ஒரு கட்டிட நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. போனால் புது மெஷினே தருவார்கள். இதற்குச் செலவு செய்வது வீண். இன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வாரக் கடைசியில்கூட வந்து போக முடியாத தூரம். அவள் கணவனோ இப்போதுதான் சொந்தமாக பேக்கரி தொடங்கியவன். அடுப்பை விட்டு நகர முடியாது. "போகட்டுமாங்க?" என்று கேட்கும்போதெல்லாம் "உன் இஷ்டம்மா" என்பான். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்திருக்கும்.

லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேக்கரித் தெருவின் மறுமுனையிலிருந்த ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்கார அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"உட்காரும்மா. யாராவது பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது."

பின்மூடியைத் திருப்பியவள் சிரித்துவிட்டாள். "அட, இதுவா! இந்த மூலைத் திருகாணி போன வாரம் நான் மாத்தினதாச்சே. பேக்கரிக்காரர் உன் வீட்டுக்காரரா?"

"அவர் இங்க வந்தாரா?"

போன வாரம் ஒருநாள் அவள் லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுத் தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் இருக்கும்.

"வந்தாராவா? என் மேசையெல்லாம் மாவு! மெமரி போடணும்னாரு. திறந்து, செருகப் போற நேரத்துல ‘வேணாங்க, மூடிடுங்க’ன்னுட்டாரு. பஸ்ல ஒரு கால வச்சுட்டு இறங்கி ஓடுற ஆள் மாதிரி ஓட்டம்."

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் அவள் போவதென்று அவனே முடிவு கட்டிவிட்டானா? பிடித்து நிறுத்தத் தோன்றவே இல்லையா? யாராவது வழிவிட மாட்டார்களா என்று தவித்தவளுக்கு, வழி கிடைத்ததும் அந்த வழியே பிடிக்காமல் போனது. அங்கேயே நின்று போன் போட்டாள். தட்டுகள் உருளும் சத்தத்துக்கு நடுவே அவன் "சொல்லும்மா" என்றான்.

"லேப்டாப்ப கடைக்குக் கொண்டு வந்தீங்களாமே?"

சத்தம் நின்றது. "ஆமா."

"அப்புறம் ஏன் போடல?"

"நானே போட்டுக் குடுத்தா, போகாதன்னு சொன்ன மாதிரி ஆயிடும். நீயும் எனக்காக இருந்துடுவ."

"சொல்லணும்னு இருந்துச்சா?"

"அடுப்புல ரொட்டி இருக்கு. கருகிடும்."

"கருகட்டும். சொல்லுங்க."

"இருந்துச்சு," என்றான். "தினமும்." பிறகு, "அங்கயே இரு, வர்றேன்."

கடைக்கார அக்கா புது மெமரியை இரு விரல்களுக்கு நடுவே பிடித்தபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, போடவா, மூடவா?"

"கொஞ்சம் இருங்கக்கா."

வாசலுக்கு வந்தாள். அவன் ஓடிவருவது தெரிந்தது. முழங்கை வரை மாவு. ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. சாலையின் பாதிவரை வந்தவனால் மேலே வர முடியவில்லை. இரண்டு பக்கமும் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரி மறைத்தது, அவன் தெரிந்தான். இன்னொன்று மறைத்தது, மறுபடி தெரிந்தான். கழற்ற மறந்த அடுப்புக் கையுறையோடு ஒரு கையை ‘நில்லு’ என்பதுபோல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.