நாற்பத்தேழாம் பாட்டின் முதல் மூன்று நொடி

பாளையங்கோட்டையில் ரீபா பாடுகிற ஆலயப் பாடகர் குழுவில் எந்தப் பாட்டுக்கும் பெயர் கிடையாது, எண்தான். பன்னிரண்டை எடுங்கள் என்பார்கள், அறுபத்தொன்றில் ஆல்ட்டோ மட்டும் ஒரு தடவை என்பார்கள். கல்யாணத்துக்குப் பாட வேண்டும் என்று வருகிறவர்கள்கூட எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து வளர்ந்தவர்களுக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு முறைதான் அந்தப் பழக்கம் காலை வாரிவிட்டது. அதுவும் ரீபாவைத் தவிர யாருக்கும் தெரியாமல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குழு பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தது. வண்ணார்பேட்டையிலிருந்து கருவிகளோடு வந்த ஒலிப்பதிவுக்காரர், எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுச் செயலாளர் பாக்கியசீலனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ‘47’ என்று ஒன்றும் ‘47 கடைசி’ என்று ஒன்றும் இருந்தன. முதலாவது கெட்டுப்போன பதிவு. இரண்டாவது சரியானது. பாக்கியசீலன் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் எழுதி ஓய்வு பெற்றவர். எண் என்றால் எண்தான் அவருக்கு. ‘நாற்பத்தேழு கடைசி’ என்று ஒரு பாட்டு புத்தகத்தில் இல்லை. எனவே ‘47’ இணையத்தில், பாட்டுக் கேட்கிற செயலிகளில் ஏறியது. பாடியவர்களோ, நமக்குத் தெரிந்த பாட்டுதானே என்று திரும்பிக்கூடக் கேட்கவில்லை.

ரீபா கேட்டாள். பாட்டு தொடங்குவதற்கு முன் மூன்று நொடி. மின்விசிறி சுற்றுகிற சத்தம், யாரோ தாள் புரட்டுகிற சத்தம், அவற்றுக்கு நடுவே காதோரம் சொல்வது போல் ஓர் ஆண்குரல்:

“ரீபா, பைய.”

அது எபி. டெனர் பாடுகிற ஆண்கள் வரிசையில் அவளுக்கு நேர் பின்னால் நிற்பான். நாற்பத்தேழில் ரீபா நிற்கிற பெண்கள் வரிசையான ஆல்ட்டோ இரண்டு தாளம் பொறுத்து நுழைய வேண்டும். ரீபா எப்போதும் முந்திக்கொள்வாள். பதிவு ஓடத் தொடங்கிவிட்டது தெரியாமல், அவசரப்படாதே என்பதைத்தான் குனிந்து அப்படிச் சொல்லிவிட்டான். தன் பெயரை அவ்வளவு பக்கத்தில் கேட்ட படபடப்பில் அன்று அவள் முந்தவில்லை, பிந்திவிட்டாள். அந்தப் பதிவு கெட்டதே அதனால்தான்.

அடுத்த மாதம் எபி மஸ்கட்டுக்குப் போய்விட்டான், ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போவதற்கு முந்தைய ஞாயிறு ஆலய வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்தான். அவளுக்கும் கொடுத்தான், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவு நேரம். அவர்களுக்குள் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. அவனை அவள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. குழுவில் மற்றப் பெண்களைப் போல அண்ணன் என்றும் சொல்லிவிடாமல் சாமர்த்தியமாகத் தப்பித்து வந்திருந்தாள். அவ்வளவுதான் இருந்தது. அதன்பின் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் குழுவின் வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக ஒரு வாழ்த்து.

வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி, பாளையங்கோட்டையில் தான் வேலை பார்க்கிற கல்லூரி வாசலில் இறங்கும்வரை ரீபா மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பாள். பனி பெய்கிற அந்த ஊர்களில் ஒரே ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க வாழ்கிறவர்கள் இருந்தார்கள். அவளுக்குக் கடிதம்கூட இல்லை, இரண்டு சொல்தான். புத்தகத்தை மூடிவிட்டு நாற்பத்தேழைப் போடுவாள். காசு கட்டாமல் கேட்பதால் முதலில் விளம்பரம் வரும். ஒரு நகைக்கடைக்காரர் செய்கூலி சேதாரமெல்லாம் கத்தி முடித்த பிறகுதான் எபி வாயைத் திறப்பான். அதைக் கேட்டதும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சியில், பாக்கியசீலன் போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எந்தப் பாட்டை எந்த ஊரில் எத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள் என்று மீட்டர் வாசிப்பது போல் வாசித்தார். மற்ற ஒன்பது பாட்டுகளும் இருபதைத் தாண்டவில்லை. நாற்பத்தேழு மட்டும் நானூறு.

“உள்ளூர்ல இருநூத்தி இருபது. ஆனா ஆளு எத்தன பேருன்னு பாத்தா ஒண்ணுன்னு காட்டுது. அந்தப் புண்ணியவாளன் ஆருன்னு தெரிஞ்சா ஒரு சால்வ போத்திரலாம்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ரீபா குனிந்து பாட்டுத் தாளில் இல்லாத எதையோ தேடினாள்.

“மஸ்கட்டுல நூத்தி எழுபத்தொண்ணு. அங்கனயும் ஒத்த ஆளுதான். வேற ஒரு பாட்டையும் தொடல வே, இது ஒண்ணுதான்.”

“நம்ம எபி அங்கனதான இருக்கான், அண்ணாச்சி” என்றான் ஜெய்சன். எபி போன பிறகு அவன் இடத்தில் நிற்பவன்.

“போலே. அவனே பாடுன பாட்ட அவன் எதுக்குக் கேக்கான்?”

மஸ்கட்டில் நெல்லைக்காரர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று ரீபா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஆயிரம் பேரில் ஒருவன் மற்ற ஒன்பது பாட்டையும் விட்டுவிட்டு இதை மட்டும் எதற்குக் கேட்க வேண்டும் என்று உடனே அவளே கேட்டாள்.

பாக்கியசீலன் இன்னும் முடிக்கவில்லை. அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று நேற்று அவரும் போட்டுக் கேட்டாராம். தொடக்கத்திலேயே எவனோ முணுமுணுக்கிறான். என்ன சொல்கிறான் என்று அவர் காதுக்குப் பிடிபடவில்லை. பிறகுதான் பென்டிரைவைப் பார்த்துத் தவறு விளங்கியிருக்கிறது. நல்ல பதிவை அனுப்பியாகிவிட்டது, அடுத்த சனிக்கிழமைக்குள் எல்லா இடத்திலும் மாறிவிடும், இத்தனை தடவை கேட்கிற பாட்டு சுத்தமாக இருக்க வேண்டாமா என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ரீபா தன் போனில் பாட்டைப் போட்டு, அம்மாவின் போனில் பதிவு செய்து பார்த்தாள். குக்கர் விசில் விழுந்தது. கதவைச் சாத்திவிட்டு எடுத்தாள். பாட்டு வந்தது, அந்த இரண்டு சொல் மட்டும் ஆற்றுக்கு அக்கரையில் யாரோ பேசியது போல் கரைந்துவிட்டது. பென்டிரைவைக் கேட்கலாம்தான். எதற்கு என்று பாக்கியசீலன் கேட்பார். கேட்டுவிட்டு எல்லோரிடமும் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவுடன் மாதச் சந்தா கட்டினாள். நூற்றுப் பத்தொன்பது ரூபாய். நகைக்கடைக்காரர் ஒழிந்தார். பாட்டுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறி வந்தது. அமுக்கினாள், பச்சையாக மாறியது. இனி இது என்னிடம் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம்வரை இருந்தது. அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரி அஸ்ஃபியா. மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள், போன் விஷயத்தில் கெட்டிக்காரி. இறக்கி வைத்த பாட்டு எப்போதும் இருக்கும்தானே என்று ரீபா பொதுவாகக் கேட்பது போல் கேட்டாள்.

“சந்தாவுல எறக்குனதா? அது வாடகை வீடு, ட்டி. ஒன் போனுக்குள்ள இருந்தாலும் அவன் சாமான்தான். அவன் பாட்ட மாத்துனா ஒன்கிட்ட இருக்கதும் மாறிரும். சந்தாவ நிறுத்துனா அதுவும் கெடையாது.”

“அப்ப எதுதான் சொந்தம்?”

“ஒத்தப் பாட்டா வெலைக்கு விக்கிற கட இருக்கு. வாங்குனா ஒனக்கே ஒனக்கு. ஆரும் தொட முடியாது.” அஸ்ஃபியா டப்பாவை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். “ஆமா, கோயில் பாட்டுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுதவள நான் இப்பத்தான் பாக்கேன்.”

அந்தக் கடையை அஸ்ஃபியாவே தேடிக் கொடுத்தாள். குழுவின் பத்துப் பாட்டும் இருந்தன. அங்கே இருக்கிற நாற்பத்தேழு பழையதா, மாற்றிவிட்டார்களா என்றுதான் தெரியவில்லை. வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க அரை நிமிடத் துண்டு வைத்திருந்தார்கள். ரீபா ஆவலோடு போட்டாள். பாட்டின் நடுவிலிருந்து தொடங்கியது. யாருக்குமே முதல் மூன்று நொடியைக் கேட்டுப் பார்த்து வாங்குகிற தேவை வந்திருக்காது.

வருவது வரட்டும் என்று பணத்தைக் கட்டினாள். பாட்டு இறங்குகிறவரை காதில் மாட்டிய ஒயரைப் பிடித்தபடி கழிவறைப் பக்க நடையில் போய் நின்றாள். மின்விசிறி. தாள் புரளும் சத்தம்.

“ரீபா, பைய.”

சுவரில் சாய்ந்துகொண்டாள். சந்தோஷம் வருவதற்கு முன்பே இன்னொன்று வந்தது. மஸ்கட்டில் இருக்கிறவனுக்கு இது தெரியாது. ஏதோ ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து அறைக்கு வந்து, வழக்கம்போல் நாற்பத்தேழைப் போடுவான். முதல் மூன்று நொடி வெறுமையாகப் போகும். நூற்று எழுபத்தோரு தடவை கேட்டவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்கியதை அவனுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் ஒருவேளை அங்கே கேட்கிறவன் எபி இல்லையென்றால்? இப்படி ஒரு பாட்டை எதற்கு அனுப்புகிறாள் இவள் என்று நினைப்பான். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது போல் ஆகிவிடும். அவனுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. இரண்டு நாள் அதை மென்றாள். நாவலில் ஒரு பக்கம் நகரவில்லை. வியாழக்கிழமை காலை பஸ் வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றபோது, இனி நாளையும் மறுநாளும்தான் என்று தோன்றியது. அவன் எண்ணுக்கு முதல்முறையாக ஒரு செய்தி எழுதினாள்.

‘47, பழைய பதிவு. சனிக்கிழமைக்குள்ள மாத்திருவாங்க. வச்சுக்கோங்க.’

பெயரும் போடவில்லை, அண்ணனும் போடவில்லை. பாட்டைச் சேர்த்து அனுப்பினாள். பஸ் கிளம்பியது. பாளையங்கோட்டையில் இறங்குவதற்குள் அவன் பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சனிக்கிழமை சந்தாவில் இருந்த பாட்டு மாறிவிட்டது. மூன்று நொடியும் துடைத்த தரை போல் இருந்தது. அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. தான் தவறு செய்துவிட்டதாக ரீபா முடிவுக்கு வந்தாள். சந்தாவை நிறுத்தினாள். சொந்தப் பாட்டை மட்டும் பஸ்ஸில் கேட்டாள். அதை இனி யாரும் எண்ண முடியாது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. ஓடி வந்து தன் இடத்தில் நின்றபோது பாக்கியசீலன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மீட்டர் நின்றுபோன வீட்டைப் பார்த்தவர் போல் இருந்தது அவர் முகம்.

“நாப்பத்தேழச் சரி பண்ணி ஒரு வாரம் ஆச்சு. ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். உள்ளூர்ல முட்ட.”

“மஸ்கட்டு, அண்ணாச்சி?” என்று கேட்டது தன் குரல்தான் என்று ரீபாவுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

“மொத நாளு ஒரே ஒரு தடவ போட்டிருக்கான். அதுவும் மூணு நொடியில நிப்பாட்டிட்டான். பெறவு அந்தப் பக்கமே வரல” என்றார் பாக்கியசீலன். “நல்லாப் பாடுனத ஏன்தான் கேக்க மாட்டேங்காங்களோ.”

குழுவை நடத்துகிற தேவமணி டீச்சர், கணக்கு போதும், முதலில் நாற்பத்தேழையே எடுங்கள் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். ரீபா புத்தகத்தைத் திறக்கவில்லை. டீச்சரின் கை மேலே போய் இறங்கியது. பின்னால் ஜெய்சன் தொண்டையைச் செருமிக்கொண்டான், வேறொன்றும் கேட்கவில்லை. ரீபா ஒன்று எண்ணினாள், இரண்டு எண்ணினாள், பைய நுழைந்தாள்.