ஒற்றை மாமரத்து நிழல்

ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்த ஏசுபாதத்தைத் தங்கம் திருடியதாகச் சந்தேகப்பட்டு, வாசலில் காத்திருந்த அவன் மனைவி கண்ணெதிரே அம்மணமாக நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லிச் சோதித்தான் சுரங்கத்தை மேற்பார்க்கும் வெள்ளைக்காரக் கேப்டன் துரை. ஒரு மண்ணும் அகப்படவில்லை. அன்றிலிருந்து ஏசுபாதத்துக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

மலையும் பொட்டலுமாகக் கூடாரம் போட்டுச் சுற்றிவர ஆசைப்பட்ட துரை, வழி தெரிந்தவன் என்று அவனையே துணைக்குக் கூட்டிக்கொண்டு, எங்கே தங்கலாம் என்று கேட்டான்.

“பொட்டல்ல ஒத்த மாமரம் கீது தொர. நல்ல நெழலு.”

கிளையெல்லாம் செவ்வெறும்புக் கூடு என்பதை மட்டும் சொல்லவில்லை.

சாமான் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் கூடாரக் கயிற்றை அந்தக் கிளையிலேயே கட்டினார்கள். சற்று நேரத்தில் துரை அலறியபடி வெளியே ஓடிவந்து, வண்டிக்காரர்கள் எதிரே ஒரு துணி விடாமல் கழற்றி எறிந்தான்.

ஏசுபாதம் நிதானமாகப் பக்கத்தில் போனான்.

“கையத் தூக்குங்க தொர, சோதிக்கணும்.”