ரங்கராஜின் கடைசி வரி

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ரங்கராஜ் புதிருக்கு உள்ளீடாகப் போனார். அவர் மனைவி வசுமதி அப்போது பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் கணினி தானாக விழித்துக்கொண்டு, கறுப்புத் திரையில் "புதிர் எண் 17. இன்று உங்கள் வீடு" என்று காட்டியது. ரங்கராஜ் அதைப் படித்தார், செருப்பை மாட்டினார், "சரி வசு, நான் கெளம்பறேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கினார். பால்கனியிலிருந்து பார்த்தபோது அவர் கேட்டைத் தாண்டுவது தெரிந்தது. அதற்கப்புறம் அவர் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு வரிகளாகக் கணினிக்குள் வந்து சேர்ந்தார்.

கோயமுத்தூரில் பீளமேட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் மாதிரி இதுவும் முறை வைத்துத்தான் வரும். கருவி எல்லா வீட்டிலும் ஒன்றே. ஒரு கறுப்புத் திரை, மினுக்மினுக்கென்று ஒரு கோடு, மூன்று கட்டளைகள். 'எடு' என்று தட்டினால் புதிர் வரும். வீட்டில் மிச்சமிருக்கிறவர் அதற்கு ஒரு நிரல் எழுத வேண்டும். 'சோதி' என்று தட்டினால் அந்த நிரலைப் போனவரின் ஒரு சின்ன மாதிரியின்மேல் ஓட்டிப் பார்க்கும். 'அனுப்பு' என்று தட்டினால் விடை போகும். மாலை ஆறு மணிக்குள் விடை சரியாகிவிட்டால் போனவர் வீடு திரும்புவார். இல்லாவிட்டால் 'பழைய புதிர்கள்' என்ற கோப்புறைக்குள் போய்விடுவார்.

சி பிளாக் பாலதண்டபாணி ஆறு வருஷமாக அந்தக் கோப்புறையில்தான் இருக்கிறார். அவருடைய பிறந்தநாளன்று அவர் மனைவி அதைத் திறந்து, பெயர் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார். முந்திரி தாராளமாகப் போட்ட கேசரி. வசுமதியும் ஆறு வருஷமாக வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். இன்றைக்கு அது நினைவுக்கு வந்ததும் போனைத் தேடி எடுத்தாள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளர். தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள்.

"மேடம், இன்னிக்கு லீவு வேணுமுங்க. வீட்டுக்காரர் உள்ளீடா போயிட்டாரு."

"எத்தனை வரி?"

"ரெண்டாயிரத்துக்கு மேலங்க."

"அப்ப அரை நாள் பத்தாதே. முழு நாளாவே எழுதிக்கிறேன்."

ஆறரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மாதிரி வந்திருந்தார். அதே முகம், அதே கட்டம் போட்ட சட்டை, ஆனால் ஏழே வரி கொண்ட ரங்கராஜ். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். காபி வேணுங்களா என்று கேட்டாள். அவருடைய ஏழு வரிகளில் காபி எங்கேயும் இல்லாததால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வசுமதி தனக்கு மட்டும் கலந்துகொண்டு கணினியின் முன்னால் உட்கார்ந்து 'எடு' என்று தட்டினாள்.

புதிர் பார்க்கச் சுலபமாக இருந்தது. அப்படி இருக்கும் புதிர்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். "கல்யாணமான நாளிலிருந்து இவர் வீட்டை விட்டுக் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. எத்தனை கிளம்பல்களில் இவர் பாதியில் வீடு திரும்பினார்?"

வசுமதி சிரித்துவிட்டாள். ரங்கராஜைத் தெரிந்த யாரும் சிரிப்பார்கள். பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. மோட்டாரில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் சாவியோ பர்ஸோ டிபன் டப்பாவோ ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போய், லிஃப்டிலிருந்தோ கேட்டிலிருந்தோ திரும்பி வருவார். ஏழு வருஷமாக அவர் கிளம்பிய பிறகு வசுமதி கதவைத் தாழ்போடுவதே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா சாத்தி வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எட்டு மணிக்கு நிரலை எழுதி முடித்து 'சோதி' என்று தட்டினாள். மாதிரி ரங்கராஜ் சோபாவிலிருந்து எழுந்தார். கதவைத் திறந்து வெளியே போனார், போனவர் வரவில்லை. சற்றைக்கெல்லாம் சோபாவில் இருந்தார். மறுபடி போனார், குடைக்காகத் திரும்பினார். இப்படி ஏழு தடவை போய், அதில் மூன்று தடவை திரும்பி, மூச்சு வாங்காமல் உட்கார்ந்தார். திரையில் பச்சையாக ஒரு சரி விழுந்தது.

"அனுப்பு" என்று தட்டினாள். 1,911.

"அதிகம்" என்றது கருவி. "ஒரு நிமிடம் காத்திருக்கவும்."

எங்கே தவறு என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஒரே கிளம்பலில் இரண்டு மூன்று தடவை திரும்பி வருகிறவர் அவர். சாவிக்கு ஒரு தடவை, சாவியை எடுத்த கையோடு அங்கேயே வைத்துவிட்ட போனுக்கு ஒரு தடவை. ஏழு வரி ஆளுக்கு அந்த அளவு மறதி கிடையாது. திருத்தினாள். மாதிரி எழுந்து ஏழு தடவை போய் வந்தார். பச்சை. 1,204 என்று அனுப்பினாள்.

"குறைவு. பதினைந்து நிமிடம் காத்திருக்கவும்."

அந்தப் பதினைந்து நிமிடத்தில் கறுப்புத் திரை எதற்கும் அசையாது. வசுமதி எழுந்து பாத்திரம் தேய்த்தாள், சாமி படத்துக்குப் பக்கத்திலிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தாள், தேய்த்த பாத்திரத்தையே இன்னொரு தடவை தேய்த்தாள். பிரிட்ஜ்மேல் ரங்கராஜின் கண்ணாடி கிடந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மடித்து, அங்கேயே வைத்தாள்.

பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக் கோகிலா ஒரு கிண்ணத்தில் தக்காளிச் சட்னியோடு வந்தாள். மாதிரிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வசுமதியின் பக்கத்தில் நின்றாள்.

"எங்க மாமியாரு ஒம்பதாம் நம்பர் புதிருக்குப் போனப்ப நானும் இப்படித்தான்க்கா பதறினேன். சாயங்காலம் டான்னு வந்துட்டாங்க."

"நல்லா இருக்காங்களா?"

"அவங்களோடது வரிசைப்படுத்தற புதிருங்க்கா. அதுலருந்து இட்லிய சின்னது மொதல்ல, பெருசு கடைசியிலன்னுதான் திங்கறாங்க. மத்தபடி ஒரு கொறையும் இல்ல."

"ரெண்டு தடவ தப்பாயிருச்சு கோகிலா. இந்த மனுசன் கேசரி நாளா ஆயிருவாரோன்னு பயமா இருக்குது."

"சும்மா இருங்க்கா, வாயக் கழுவுங்க" என்றாள் கோகிலா. சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். போகும்போது அவளும் கடிகாரத்தைப் பார்த்ததை வசுமதி கவனித்தாள்.

குறைகிறது என்றால் எதையோ விட்டிருக்கிறோம். வீட்டுக்குள் திரும்பாமல் வாசலிலேயே நின்று "வசு, அந்தக் குடைய எடு" என்று குரல் கொடுத்த தடவைகளையும் சேர்த்தால்? சேர்த்தாள். வரி வரியாகத் தேடி எடுக்க மத்தியானம் தாண்டிவிட்டது. மொத்தம் ஐம்பத்தாறு. அவை ஒவ்வொன்றுக்கும் குடையையோ டப்பாவையோ எடுத்துக்கொண்டு ஓடியவள் அவள்தான். மாதிரி ஏழு தடவை போய் வந்தார். பச்சை. 1,260.

"அதிகம். ஒரு மணி நேரம் காத்திருக்கவும். அடுத்த தவறுக்கு இரண்டு மணி நேரம்."

மணி மூன்று நாற்பது. நாலு நாற்பதுக்குத் திரை விழிக்கும். இன்னொரு தடவை தவறினால் காத்திருப்பு முடிவதற்குள் ஆறு மணி தாண்டிவிடும். இனி ஒரே ஒரு விடை. வசுமதிக்குப் பச்சைப் பச்சையாகச் சரி காட்டும் மாதிரியைப் பார்க்க ஆத்திரமாக வந்தது. "உங்களுக்கென்ன, ஏழு வரி" என்றாள் சத்தமாக. அவர் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

நாலு நாற்பதுக்குத் திரை விழித்ததும் அவள் எதையும் அனுப்பவில்லை. வாசல் குரல்களை நீக்கி, பழைய நிரலுக்கே திரும்பினாள். வேறொன்றும் தோன்றாமல், நிரல் மொத்தம் எத்தனை வரி படித்தது என்று கேட்டுப் பார்த்தாள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.

ரங்கராஜ் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

ஒரு வரி அவளிடமிருந்து நழுவியிருந்தது. கோப்பின் அடிக்குப் போனாள். மற்ற வரிகளெல்லாம் ஒழுங்காக முற்றுப்புள்ளி வைத்து முடிந்திருந்தன. அவளுடைய நிரல் முடிந்த வரிகளைத்தான் வரி என்று எடுத்துக்கொண்டது. கடைசி வரி முடியவில்லை. "புதன், காலை ஆறு. கதவு, லிஃப்ட், கேட்," என்று போய், கமாவுக்குப் பிறகு வெறுமையாக நின்றது. கோடு அங்கேயே மினுக்கிக்கொண்டிருந்தது.

முடியாத வரியை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? திரும்பினார் என்று அதில் எழுதியிருக்கவில்லை. திரும்பவில்லை என்றும் எழுதியிருக்கவில்லை. வசுமதி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். மணி ஐந்தரை. ஐந்தே முக்கால். தண்ணீர் குடிக்க எழுந்து பிரிட்ஜைத் திறக்கப் போனவள், அதன்மேல் மடித்து வைத்திருந்த கண்ணாடியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அது இல்லாமல் அந்த மனிதருக்குப் பேருந்தின் எண்கூடத் தெரியாது.

தண்ணீர் குடிக்காமலேயே திரும்பி வந்து உட்கார்ந்து ஒன்றைக் கூட்டினாள். 1,205. கண்ணை மூடிக்கொண்டு 'அனுப்பு' என்று தட்டினாள்.

கதவு திறந்தது. காலையிலிருந்து சும்மாதான் சாத்தியிருந்தது.

"கண்ணாடிய மறந்துட்டேன் வசு" என்றார் ரங்கராஜ்.

"தெரியுமுங்க. பிரிட்ஜ் மேல இருக்குது" என்று சொல்லிவிட்டு வசுமதி அழுதாள். நன்றாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். மாதிரி ரங்கராஜ் எழுந்து, இருவருக்கும் நடுவில் ஒதுங்கி நடந்து, வெளியே போனார். இந்தத் தடவை அவர் திரும்பவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரையைப் பார்த்தாள். "விடை சரி" என்று பச்சையில் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் வந்துகொண்டிருந்தன. "இரண்டாம் பகுதி திறந்தது. உள்ளீடு: வசுமதி. அவர் வெளியே போயிருந்தபோதெல்லாம் இவர் எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்த்தார்? நாளை மாலை ஆறு மணி வரை."

வசுமதி படித்து முடித்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"சட்னி இருக்குது, கோகிலா குடுத்தது. மாவு உள்ள இருக்குது, ரெண்டு தோசை ஊத்திக்குங்க."

"எத்தனை வரி இருக்கும் வசு?" ரங்கராஜ் ஒற்றை விரலால் தட்டுகிறவர்.

"தெரியலீங்க. இன்னிக்கு மட்டுமே நெறைய இருக்கும்." வாசலில் நின்று சொன்னாள். "கடைசி வரிய மட்டும் விட்றாதீங்க."

லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. ரங்கராஜ் கதவைத் தாழ்போடாமல் சும்மா சாத்திவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'எடு' என்பதற்கான முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தார். அழைப்பு மணி அடித்தது. மாதிரி வசுமதி உள்ளே வந்து, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தாள்.