சிங்காரியின் பட்டிக்குள் பொட்டு

புத்தூருக்குப் பக்கத்தில் ரகுவும் அவன் மனைவி அம்சவேணியும் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்காரி, பாண்டு என்று இரண்டு குதிரைகள். போன மாதம் பாகாலாவிலிருந்து ஒன்றரை வயது ஆண்குட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் பொட்டு என்று பெயர்.

வண்டியிலிருந்து இறக்கியதுமே ரகு அதைப் பட்டிக்குள் விடப் போனான். அம்சவேணி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சிங்காரி ஒரு உதை உட்டா குட்டி கால் போயிடும். பத்து நாள் வேலிக்கு இந்தப் பக்கமே இருந்து மோந்து பாக்கட்டும்."

"பத்து நாளா? நான் உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அரைமணி நேரத்துல முடிச்சிட்டாங்க."

"அதான் இப்ப அனுபவிச்சிக்கினு இருக்கேன்."

பட்டியை ஒட்டியே சவுக்குக் கட்டை அடித்துக் குட்டிக்குத் தனி இடம் கட்டினார்கள். முதல் மூன்று நாள் சிங்காரி காதை மடக்கிக்கொண்டு வேலிக் கட்டையைக் கடித்தது. பிறகு முறைப்பதோடு நிறுத்திக்கொண்டது. ஏழாம் நாள் இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சு விட்டன. எட்டாம் நாள் சாதுவான பாண்டுவை மட்டும் குட்டியோடு விட்டாள் அம்சவேணி. அது நின்றபடியே தூங்கிவிட்டது.

பதினோராம் நாள் காலை, மூன்று குதிரைகளுக்கும் புல்லை ஐந்து குவியலாகத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

சிங்காரி பாய்ந்து வந்தது. இரண்டு சுற்று ஓடிய குட்டி, நின்று தலையைத் தாழ்த்தி, வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஐயோ, மூச்சு முட்டுது!" ரகு துண்டை வீசிக்கொண்டு உள்ளே குதித்தான்.

சிங்காரி குட்டியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பியது. ரகு ஓடிய ஓட்டத்தைப் பொட்டுவே நின்று பார்த்தது. எப்படியோ வேலிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். லுங்கி கட்டையில் மாட்டிக் கிழிந்தது.

"இன்னா, சிரிச்சிக்கினு நிக்கற?"

"'நான் சின்னவன், அடிக்காத'ன்னு வாயை மென்னு காட்டுச்சு. குட்டிங்க அப்படித்தான் பண்ணும். நீயும் மென்னு காட்டியிருந்தா உட்டிருக்கும்."

சிங்காரி ஒரு குவியலிலிருந்து துரத்தினால் பொட்டு அடுத்த குவியலுக்குப் போனது. வெயில் ஏறுவதற்குள் சிங்காரிக்குத் துரத்தி அலுத்துவிட்டது. மூன்றும் புங்க மரத்தடியில் ஒன்றாக நின்றன.

அம்சவேணி மட்டும் வேலியை விட்டு நகரவில்லை. ரகு லுங்கி மாற்றிக்கொண்டு தட்டில் சோற்றோடு வந்தான்.

"நீ துன்னு. நான் பாத்துக்கறேன்."

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். கண்ணை மட்டும் குட்டியிடமிருந்து எடுக்கவில்லை.