சிவப்பு விழுந்த தாள்

"ஆறு மாசச் சம்பளத்தைத் தனியா ஒதுக்கி வெச்சிருந்தா இந்த மாதிரி நேரத்துல தூக்கம் கெடாது. அப்படி வெச்சிருக்கவங்க கை தூக்குங்க, பார்ப்போம்."

பம்ப் தொழிற்சாலையின் கேன்டீனில் உட்கார்ந்திருந்த நாற்பத்திரண்டு பேரில் கேஜ் அக்கா மட்டும் கையைத் தூக்கினாள். வகுப்பெடுக்க வந்தவருக்கு முகமெல்லாம் பல்.

"அருமை. எங்க வெச்சிருக்கீங்க?"

"இங்கதான் சார். இதே கம்பெனில."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் அவசரமாக அடுத்த பாடத்துக்குத் தாவினார்.

பதினோரு வருடம். சம்பளம் கைக்கு வருமுன்பே கம்பெனியின் சேமிப்பு நிதிக்குப் பிடித்துக்கொள்ளச் சொன்னவள் அவள். புருஷனுக்கு ஓட்டைக் கை. வீட்டுக்கு வந்த பணம் வீட்டில் தங்காது. நாடு முழுக்க வங்கிகள் கதவைச் சாத்திய மாதத்தில் நிதியிலிருந்து பணம் எடுப்பதையும் 'தற்காலிகமாக' நிறுத்தினார்கள். அடுத்த மாதம் இந்த நாற்பத்திரண்டு பேரையும் நிறுத்தினார்கள். இன்று கடைசி நாள். பண நிர்வாக வகுப்பில் உட்கார்ந்து, கையெழுத்தும் போட்டவருக்குத்தான் விடுவிப்புக் கடிதம். அந்தக் கடிதத்தோடு மூன்று மணிக்குள் போனால் ஊரின் மறுகோடியில் ஒரு பட்டறை அவளைப் பாதிச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். போகாவிட்டால் அந்தப் பட்டறை வாசலில் இன்னும் முப்பது பேர் நிற்கிறார்கள்.

கடைக்குப் போகுமுன் பட்டியல் எழுதுங்கள், வெளியில் டீ குடிப்பதைக் குறையுங்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். பல்வலிக்குக்கூட வைத்தியரிடம் போகாமல் மிச்சம் பிடித்தவளுக்குக் காது சூடேறியது.

அவள் வேலை எளிமையானது. இரும்புத் துண்டை, அளவு பார்க்கும் கேஜுக்குள் விட்டுப் பார்ப்பாள்; பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு. சிவப்பு விழுந்ததை முதலாளியே வந்தாலும் திரும்பப் பெட்டியில் போட முடியாது. ஷிப்டு தாளில் முதல் கையெழுத்தும் அவளுடையதுதான். அவள் போட்டுவிட்டால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள்.

அதனால்தான் காலையில் மனிதவள அதிகாரி இந்த வகுப்புக்கான வருகைத் தாளை முதலில் அவளிடம் நீட்டினார். "வழக்கம்போல நீங்களே ஆரம்பிச்சு வைங்கக்கா." பஸ் நேரம் மனதில் ஓட, அவளும் போட்டுவிட்டாள்.

சுற்றி வந்த தாள் கடைசியாகப் பின்னாலிருந்த வெல்டரிடம் வந்தது. அவன் பேனா எழுதவில்லை. தன் பேனாவைக் கொடுக்கத் திரும்பியவள் கண்ணில், தாளின் அடியில் எறும்பு வரிசைபோல் ஒரு வரி பட்டது. *நிதியிலுள்ள எனது தொகையை மூன்று ஆண்டுகளுக்கு நிறுவனத்திடமே விட்டுவைக்க மனமார இசைகிறேன்.*

"இதப் படிச்சியா?"

வெல்டர் விழித்தான். "நீங்க போட்டிருக்கீங்களேக்கா."

அவன் கையிலிருந்து தாளை உருவிக்கொண்டு எழுந்தாள். அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

அதிகாரி பதறாமல் வந்தார். அவள் பெயர் எழுதிய உறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அவளுக்கு மட்டும் தெரியும்படி பிடித்தார். "மணி ஒண்ணே முக்கால். பஸ்ஸு போயிடும்க்கா. தாளைக் குடுங்க, கடிதத்தை வாங்கிக்குங்க."

வகுப்பெடுத்தவரும் சேர்ந்துகொண்டார். "உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாதுன்னு நாலாவது பாடத்துலயே சொன்னேனேம்மா."

"பதினோரு வருஷமா உணர்ச்சியே இல்லாமத்தான் சார் முடிவெடுத்தேன்."

ஏப்ரன் பையில் கைவிட்டாள். ஸ்டோரில் இன்னும் ஒப்படைக்காத சிவப்புப் பெயிண்ட் குப்பி கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திருகினாள்; மூடியோடு தூரிகையும் வந்தது. தாளைச் சுவரில் வைத்து அழுத்தி, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த தன் கையெழுத்தின்மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

பெயிண்ட் அதிகம் போலும். பொட்டு நிற்கவில்லை. அவள் பெயரிலிருந்து கிளம்பி, கடைசல்காரரின் பெயர்மேல், பேக்கிங் பெண்ணின் பெயர்மேல், ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டு கீழே இறங்கியது. அதிகாரியின் விரல்களுக்குள் உறை மடங்கி நசுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்புக் கோடு எறும்பு வரிசைக்கு ஒரு விரல்கடை மேலே வந்து, கொஞ்சம் தயங்கி, உருண்டு திரண்டது.