பீலியடியில் கரகம்

இருளாயிக்கு வாய் நீளம் என்பது புளத்கொகுபிட்டிய பக்கத்து அந்தத் தோட்டம் முழுக்கத் தெரியும். மேல்மலைக்குப் புல் கொல்லும் மருந்து அடிப்பதைத் தோட்டத்தை நடத்தும் துரை நிறுத்தி, சாணியும் தழை உரமும் போடத் தொடங்கியதிலிருந்து அந்த வாய் மூடியதே இல்லை. பின்னே என்ன? தேயிலைக்கு நடுவே புல் முழங்கால் வரை நிற்கிறது. புல்லெல்லாம் அட்டை. காலில் சவக்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு போனாலும் விரலிடுக்கில் ஏறிவிடுகிறது.

“தொரைக்கென்ன, சப்பாத்துப் போட்டிருக்காரு. கடி வாங்குறது நாங்கதானே.” காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அவள் சொன்னது துரையின் காதிலேயே விழுந்தது.

அவர் கோபப்படவில்லை. “ஹரி” என்று சிங்களத்தில் சரி சொன்னார். “திருவிழா முடியட்டும். பொம்பளைங்க எல்லாம் மருந்து வேணும்னா திரும்ப அடிக்கச் சொல்றேன். நீயே வந்து சொல்லு.”

சொல்வதற்கா அவளுக்குத் தெரியாது?

திருவிழாவன்று அம்மன் கரகத்தை லயத்து வீடுகளுக்குக் கீழே இருக்கும் பீலியில்தான் நிரப்ப வேண்டும். மேல்மலை ஊற்று அங்கேதான் வந்து கொட்டுகிறது. தண்ணீரில் மருந்து வாடை அடிக்கத் தொடங்கிய பிறகு, பீலியடியில் கும்பிட்டுவிட்டு, சிங்களக் கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினார்கள். அம்மனுக்கே இரவல் தண்ணீர். இந்த வருஷமும் இருளாயி கிணற்றுத் தண்ணீர் கேனோடுதான் நின்றாள்.

பூசாரி கந்தையா பீலித் தண்ணீரை ஏந்தி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். “அந்தக் கேன அங்கிட்டு வையி தாயி” என்றார்.

அவள் நம்பாமல் குனிந்தாள். கல்லுக்கடியிலிருந்து நகமளவு நண்டு ஒன்று ஓடியது. பின்னாலேயே இன்னொன்று. புழு பூச்சி கூட இல்லாமல் செத்துக் கிடந்த தண்ணீர் அது. அள்ளிக் குடித்தாள். வாடை இல்லை. தொண்டை குளிர்ந்தது, கண் கலங்கியது. “ஆத்தா” என்றாள். கேனை எடுத்து ஓரமாகத் தள்ளி வைத்தாள். கரகம் பீலியிலேயே நிரம்பியது.

திருவிழா முடிந்து பெரட்டில் துரை கேட்டார். “என்ன இருளாயி, மருந்து அடிக்கவா?”

பெண்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“அட்டை கடிக்குதுங்க தொரை. இன்னைக்கும் கடிக்கும். கடிச்சிட்டுப் போகட்டும். எங்க தண்ணிய எங்களுக்குத் திருப்பிக் குடுத்திருக்கீங்க, நல்லா இருப்பீங்க. மருந்த மட்டும் மலைக்கு ஏத்திராதீங்க.” கொஞ்சம் யோசித்து, “முழங்கால் வரைக்கும் இழுத்து மாட்ட நீளமா மேஸ் வாங்கிக் குடுத்தா இன்னும் நல்லா இருப்பீங்க” என்றாள்.

அன்று மாலை கொழுந்தை எடை போட்டுக் கொடுத்ததும் நேரே பீலியடிக்குப் போனாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. அதைக் கழுவிவிட்டு, இரண்டு கையாலும் ஏந்தி வயிறு நிறையக் குடித்தாள்.